அத்தை கை நனைக்க வேண்டும்

மாணவியர் விடுதி, கிருஷ்ணகிரி
3-8-2024

அன்புள்ள ஜெயப்ரியா அத்தைக்கு, மணிமேகலை எழுதுவது.

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். அழகாக இருக்கும் என்று எதையும் கூட்ட மாட்டேன். மனம் நோகுமே என்று எதையும் விட மாட்டேன். போனில் பேச வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை வார்டன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் தருகிறார். வரிசையில் நிற்பவர்கள் அவரவர் வீட்டை மறந்துவிட்டு என் வீட்டுக் கதையைக் கேட்கிறார்கள். கடிதத்தை மட்டும் யாரும் பிரிப்பதில்லை. இந்தக் காலத்தில் கடிதத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைக்கிறார்கள் போல.

மே மாத விடுமுறையில் பெங்களூரு ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். வயிற்றின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மீதியை ஒரு வாழைக்காய் அளவுக்குத் தைத்திருப்பதாக டாக்டர் படம் வரைந்து காட்டினார். இனி உடம்பு தானாக இளைக்கும் என்றார். அவர் போனதும் நீங்கள் மாமாவைப் பார்த்தீர்கள். மாமா என்னைப் பார்த்தார். "ஊருல பித்தப்பைக் கல்லுன்னு சொல்லிக்கலாம் கண்ணு" என்றீர்கள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதும் பொய்யில் சேருமா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மணிவேல் அண்ணனுக்குப் பெண் முடிவாகிறது. குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்தில், கங்கப்பன் என்பவரின் மகள் சௌமியா. அண்ணனும் சௌமியாவும் ஓசூருக்கு ஒரே கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் என்பது எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியும். இப்போது உங்களுக்கும். ஆவணி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டுக்குப் போகிறோம். அம்மா போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஜெயா வந்து கை நனைக்கணும். அவ இலையில உக்காந்து வயிறு நெறையச் சாப்புட்டாத்தான் நம்ம பக்கம் சம்மதம். பாதியில எழுந்தா பேச்சு முறிஞ்சுதுன்னு அர்த்தம். மாப்பிள்ளையோட அத்தைக்குத்தான் அந்த உரிமை, எனக்குக்கூட இல்ல."

அத்தை, அவர்கள் உங்கள் இலையில் வெல்லப் பூரணம் வைத்த ஒப்பிட்டு, அந்தப் போளியை, வைப்பார்கள். அதன்மேல் நெய் ஊற்றுவார்கள். இனிப்பும் நெய்யும் சேர்ந்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு முன் அம்மாவிடமாவது சொல்லிவிடுங்கள். யார் யாருக்குத் தெரியும் என்று எனக்கும் எழுதுங்கள். யார் முன்னால் வாயை மூட வேண்டும் என்பது தெரியாமல் எல்லார் முன்னாலும் மூடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
மணிமேகலை


ஓசூர்
8-8-2024

மேகலா கண்ணு,

உன் கடிதம் பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கிறது. எனக்கு அப்படி வராது. கம்பெனி கேன்டீன் போர்டில் மெனு எழுதிப் பழகிய கை.

உன் மாமாவுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அப்புறம் ரோஷன் பீ. அவளிடம் நானாகச் சொல்லவில்லை. பந்தி தொடங்கும் முன் சூப்பர்வைசர் நான் ஒவ்வொரு அண்டாவிலும் ருசி பார்க்க வேண்டும். முன்பெல்லாம் கரண்டியோடு எடுப்பேன். இப்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு. அவள்தான் தலைமைச் சமையல், சில நாள் பார்த்தாள், பிறகு கேட்டேவிட்டாள். "என்னா மேடம், நான் வெக்கிற குருமா மேல அவ்ளோ வெறுப்பா?" அவள் மனம் நோகக் கூடாதே என்று உண்மையைச் சொன்னேன். அவள் ஐயோ என்றோ பாவம் என்றோ சொல்லவில்லை. "அப்ப உப்பு நானே பாத்துக்கறேன்" என்றாள், அவ்வளவுதான்.

மற்றவர்களிடம் எதைச் சொல்வது? இங்கே கன்னடக்காரர்கள் பார்த்த உடனே கேட்பது "ஊட்டா ஆயித்தா" என்றுதான். சாப்பிட்டாச்சா என்பதே வணக்கம் மாதிரி. "ஆயித்து" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பேக்கிங் பிரிவில் ஒருத்தி, எப்படி இளைத்தீர்கள் என்று விடாமல் கேட்டாள். நடக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். அதை நம்பி அவள் விடியற்காலையில் கெலவரப்பள்ளி அணைக்கரையில் நடக்கிறாள். பாவம், இளைக்கவும் இல்லை. அவளைக் கண்டால் நான் பாத்திரம் கழுவும் பக்கம் ஓடிவிடுகிறேன்.

உன் அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் உன் காதுகுத்தில் போட்டோ எடுக்கும்போது, "ஜெயா, நீ ஓரமா நில்லு, இல்லன்னா மத்தவங்க யாரும் தெரிய மாட்டாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். இப்போது சொன்னால் என்ன சொல்வாள்? வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்பாள். டிவியில் யாரையோ பார்த்து நானே ஒரு நாள் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

முழங்கால் தேய்ந்து, சர்க்கரை ஏறி, கேன்டீன் படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்து அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும். இந்தச் சின்ன வயிறும் எனக்கு மட்டுமாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

நீ பயப்படாதே. சாப்பிட்ட மாதிரி இலையைக் கலைத்து வைப்பது எப்படி என்று தினமும் பார்க்கிறவள் நான். சமாளித்துவிடுவேன்.

அத்தை


மாணவியர் விடுதி, கிருஷ்ணகிரி
20-8-2024

அன்புள்ள அத்தைக்கு,

சமாளிக்க முடியவில்லை. உங்களுக்குத் தெரிந்த பகுதியையும் எழுதுகிறேன். நான் பார்த்தது வேறாக இருக்கலாம்.

முதல் இலை உங்களுக்குப் போட்டார்கள். நீங்கள் பருப்பைத் தொட்டு, சோற்றைப் பிசைந்து, பேசிக்கொண்டே ஓரமாக ஒதுக்கியது நன்றாகத்தான் இருந்தது. நான்கூட நம்பிவிட்டேன். சௌமியாவின் அம்மா அங்கேயே நின்றுவிட்டார். "சாப்புடுங்க அண்ணி, உங்க கைதான் மொதக் கை" என்று ஒப்பிட்டு வைத்து நெய்யை ஊற்றினார். நீங்கள் ஒரு விள்ளல் வாயில் வைத்தீர்கள். அவர் நகரவில்லை. இன்னொன்று வைத்தீர்கள். நெற்றியெல்லாம் வேர்த்தது. இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தீர்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நான் உங்கள் தலையைப் பிடித்துக்கொண்டேன். முகம் கழுவியதும் "பஸ்ஸு வந்துரும்" என்று போய்விட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு நடந்தது இது. கங்கப்பன் அந்த இலைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். "என்னாங்க, அம்மிணிக்கு எங்க சோறு எறங்கலீங்களா?" என்றார். அப்பா, "கல்லு ஆபரேஷன் ஆன ஒடம்புங்க" என்றார். கங்கப்பன் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். "எனக்கும்தான் கல்லு எடுத்தாங்க. பத்தாம் நாளு கறி சோறு தின்னுட்டு டிராக்டர் ஏறுனேன்." கூடத்தில் இருந்த எல்லோரும் அவர் தழும்பையே பார்த்தோம்.

மறுநாள் காலை தரகர் வந்தார். அத்தைக்காரி மனசு வைக்காத இடத்தில் எங்கள் பெண் வாழாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னதை எழுதுவதா என்று யோசித்தேன். எழுதுவதாகச் சொல்லிவிட்டேன், எழுதுகிறேன். "போன வருசம் அவ சொன்ன பொண்ண வேண்டாம்னோம். அவ வீட்டுக்காரரோட தங்கச்சி பொண்ணு. அதை மனசுல வெச்சிக்கிட்டுத்தான் இலையில இருந்து எழுந்திருக்கா." அப்பாவும் இல்லை என்று சொல்லவில்லை.

அண்ணன் ஷிப்டுக்குப் போகவில்லை. "அந்த பஸ்ஸுல எப்பிடிடி ஏறுவேன்? அவ முன் சீட்டுல திரும்பிப் பாக்காம உக்காந்திருப்பா" என்றான்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அந்த வார்த்தை என்னுடையது இல்லை. சொல்லட்டுமா, வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைப் பார்க்க வரலாம். அதற்குள் எழுதுங்கள்.

மணிமேகலை


ஓசூர்
24-8-2024

கண்ணு,

சொல்லிவிடு. மணிவேலை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். என் வயிற்றுக்காக அவன் வாழ்க்கை நின்றுபோகக் கூடாது. உன் அம்மாவிடம் சொல், அவள் கங்கப்பன் வீட்டில் சொல்லட்டும், அவர்கள் ஊருக்கே சொல்லட்டும். இரண்டு மாதம் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு புதிதா என்ன?

யோசித்துப் பார்த்தால் நான் திருடவில்லை. உடம்பு முடியவில்லை, வைத்தியம் பார்த்தேன். கண்புரைக்குச் செய்தால் ஊரெல்லாம் சொல்கிறோம், இதற்கு மட்டும் ஏன் ஒளிய வேண்டும்?

சொல்லிவிடு.

அத்தை


ஓசூர்
24-8-2024

மேகலா,

சொல்லாதே. யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும்.

சொன்னால் இனி நான் எங்கே உட்கார்ந்தாலும் என் இலையைத்தான் பார்ப்பார்கள். முன்பு எவ்வளவு தின்கிறாள் என்று பார்த்தார்கள். இனி எவ்வளவு தின்னவில்லை என்று பார்ப்பார்கள். அதற்கு நான் பொறாமைக்காரியாகவே இருந்துவிடுகிறேன். பொறாமைக்காரியின் இலையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மணிவேலுக்கு வேறு வழி யோசிப்போம். என்ன வழி என்று கேட்காதே. நீ சொல்லாமல் இருந்தால் போதும்.

அத்தை


மாணவியர் விடுதி, கிருஷ்ணகிரி
1-9-2024

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. இரண்டிலும் ஒரே தேதி. எதை முதலில் எழுதினீர்கள், எதைப் பிறகு எழுதினீர்கள்? சொல்லிவிடு என்பதில் ரசக் கறை இருக்கிறது. ஆகவே அது மதியப் பந்திக்குப் பிறகு எழுதியது என்று முதலில் முடிவு செய்தேன். மற்றதை முகர்ந்து பார்த்தால் அதில் காபி வாசனை. காலைக் காபியா, மாலைக் காபியா? நூலகத்தில் இருக்கிற எந்தப் புத்தகமும் இதற்கு உதவாது.

இன்று அம்மா வந்தார். புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அத்தைக்கு எடுத்தது கல்லு இல்லடி" என்றார்.

அம்மாவே தொடர்ந்தார். "மணிக்கட்டு எலும்பு தெரியுது. தலைமுடி பாதிய காணம். அன்னைக்கு ரெண்டு வாய்க்கு மேல எறங்கல, கொட்டகைப் பக்கம் போயி வாந்தி எடுத்தா, நான் பாத்தேன். எங்க பெரியம்மாவும் இப்பிடித்தான் இளைச்சாங்க. அவங்களும் கல்லுன்னுதான் சொன்னாங்க. கடைசில பாத்தா புத்துநோய்."

"அப்ப பொறாமைன்னு ஏம்மா சொன்ன?"

"வேற என்னா சொல்லச் சொல்ற? அவளே மறைக்கிறா. நான் போயி சாகப்போறவன்னு பந்தியில சொல்லவா? பொறாமைன்னா ரெண்டு மாசத்துல மறந்துருவாங்க. நோவுன்னா அவ இருக்கிற வரைக்கும் அவளப் பாத்து உச்சுக் கொட்டுவாங்க. அத அவ தாங்க மாட்டா."

பிறகு அழுதார். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். தனக்குத் தெரியும் என்பதை உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நேரம் முடிந்தது என்று வார்டன் அம்மா மணி அடித்தார், அவ்வளவுதான் நேரம்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். உங்களுக்காக ஒரு ரகசியம், அது உண்மை. அம்மாவுக்காக ஒரு ரகசியம், அது உண்மை இல்லை. ஆனால் அம்மா அழுதது உண்மை. ஒரு சத்தியத்தைக் காப்பாற்றினால் அம்மா தினமும் அழுவார். இன்னொன்றை உடைத்தால் நான் வாக்குத் தவறியவள். வெகுநேரம் யோசித்து, இரண்டில் சிறியதை உடைத்திருக்கிறேன். உங்களுடையதை உடைக்கவில்லை. அம்மாவுடையதை உடைத்து உங்களுக்கு எழுதிவிட்டேன். இது சரியா என்று தெரியவில்லை. தபாலில் போட்ட பிறகும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

மணிமேகலை


ஓசூர்
6-9-2024

கண்ணு,

எதை முதலில் எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. இரண்டையும் ஒரே மனதோடுதான் எழுதினேன்.

உன் கடிதம் வந்த அன்றே லீவு போட்டுவிட்டு உங்கள் வீட்டுக்குக் காவேரிப்பட்டினம் பஸ் ஏறினேன். உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக்கூட விடாமல், "அண்ணி, எனக்குப் புத்து இல்ல" என்றேன். கீரை மடியிலிருந்து கொட்டியது. உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னேன். காட்டு என்றாள். புடவையை விலக்கிக் காட்டினேன். சின்னச் சின்னத் தழும்புகள்தான். "இவ்ளோதானா?" என்றாள். அப்புறம் வந்தது கோபம்.

"இதுக்கா? இதுக்கா நான் சோறு எறங்காம கெடந்தேன்? நீ பொழைக்கணும்னு என் முடிய எறக்கறேன்னு வேண்டிக்கிட்டேனே, இப்ப அதுக்கு என்னா பண்றது?"

"நோவே இல்லையே அண்ணி. சாமிக்கு அது தெரியாதா?"

"நான் சாமிகிட்ட நோவுன்னு சொல்லல. ஜெயா நல்லா இருக்கணும்னுதான் சொன்னேன். நீ நல்லா இருக்கற. அப்ப எறக்கித்தான் ஆவணும்."

உன் அம்மாவின் முடி எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியும். நான் அழுதேன். அவள் என் மேல் கீரைக் காம்பை எறிந்தாள். காதுகுத்து போட்டோ பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே, "எதுக்கு என்கிட்ட மறைச்ச?" என்றாள். நான் அந்தக் காம்பை எடுத்து அவளிடமே நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டு, "நானா இருந்தாலும் என்கிட்ட சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

மறுநாள் அவள் தனியாகவே கங்கப்பன் வீட்டுக்குப் போனாள். என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க ஜெயா பேர்ல ஒரு வேண்டுதல் இருக்குது. அவ இனிமே கொஞ்சமாத்தான் சாப்புடுவா. உங்க சோறு மேல குறை இல்ல. அதுக்கு மேல கேக்காதீங்க, வேண்டுதல வெளிய சொல்லக் கூடாது." வேண்டுதல் என்றால் யாராவது மறுபேச்சுக் கேட்பார்களா? கங்கப்பனே கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். புரட்டாசி பிறக்கும் முன் நிச்சயம், பதினைந்தாம் தேதி. ஆனால் அன்றைக்கும் நான்தான் முதலில் கை நனைக்க வேண்டுமாம். ஊர் பார்க்க இலையை விட்டு எழுந்தவள், ஊர் பார்க்க உட்கார வேண்டும் என்கிறார் கங்கப்பன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் என்றாலும் எத்தனை பேர் பார்ப்பார்கள்.

பேக்கிங் பிரிவுக்காரியிடம் நேற்று நானே போய் உண்மையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "நான் உங்கள மிஞ்சிருவேன்னு பயப்படறீங்களா மேடம்" என்று சிரித்துவிட்டு நடக்கப் போய்விட்டாள். உன் அம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதை எல்லோரும் நம்புகிறார்கள். நான் சொன்னதும் உண்மைதான். என்னைத்தான் யாரும் நம்பவில்லை. நீ படிக்கிற பெண், இதை விளக்கு.

அத்தை


மாணவியர் விடுதி, கிருஷ்ணகிரி
16-9-2024

அன்புள்ள அத்தைக்கு,

விளக்கத் தெரியவில்லை. யாருக்கு என்ன தெரியும் என்பதே எனக்குத் தப்பிப் போய்விட்டது. அப்பாவிடம் அம்மா சொன்னாரா என்று தெரியாது. அண்ணனுக்கு வேண்டுதல் என்று மட்டும் தெரியும், அதற்கு மேல் அவனுக்கு இப்போது எதுவும் தேவையில்லை. ஆனால் நேற்று மண்டபத்தில் நீங்கள் பார்க்காத ஒன்று நடந்தது. நீங்கள் இலையைவிட்டுத் தலை நிமிரவே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மா மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, பட்டுப் புடவையோடு வந்ததும் மண்டபமே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளைக்கு அம்மா இப்படி வருவதா என்று ஒருவர் முணுமுணுத்தார். வேண்டுதலாம் என்றார் இன்னொருவர். முணுமுணுத்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பந்தியில் நீங்கள் முதல் இலை. உங்களுக்கு வலப்பக்கம் அம்மா. எதிர் வரிசையில் நான். சௌமியாவின் அம்மா ஒரு கரண்டி பருப்பு, ஒரு சின்னத் துண்டு பனீர், இரண்டு விரல் சோறு மட்டும் வைத்தார். ஒப்பிட்டுத் தட்டு உங்களைத் தாண்டிப் போய்விட்டது. நீங்கள் ஒவ்வொரு வாயையும் நீண்ட நேரம் மென்றீர்கள். எல்லோரும் பாயசத்துக்கு வந்துவிட்டார்கள், நீங்கள் பருப்பில் இருந்தீர்கள். இலை எடுக்க வந்தவர்கள் வாளியோடு ஓரமாக நின்றார்கள். முதல் கை எழுவதற்கு முன் யாரும் எழக் கூடாது என்று கங்கப்பன் கையைக் காட்டியிருந்தார். அத்தனை பேரும் காலி இலைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்து உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் ஒரே பருக்கையை இலையில் உருட்டிக்கொண்டிருந்தீர்கள். அதை நான் பார்த்தேன், மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்போது அம்மா மட்டும் தன் இலையில் பாதிச் சோற்றை இன்னும் வைத்திருந்ததைக் கவனித்தேன். உங்களோடு ஒரு வாய், நிறுத்தம், உங்களோடு இன்னொரு வாய். அம்மா வீட்டில் அத்தனை மெதுவாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

வீடியோக்காரருக்கு வேறு வேலை இல்லாமல் போனது. பெரிய விளக்குகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு உங்கள் இலைக்கு நேராக வந்து நின்றார். உங்கள் இலையும் அதில் மீதியிருந்த ஒரு கவளமும் வெயிலில் வைத்த மாதிரி தெரிந்தன. நீங்கள் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டீர்கள். கங்கப்பன் எட்டிப் பார்த்தார். அண்ணன் மேடையிலிருந்து பார்த்தான். சௌமியாவும் பார்த்தார்.

அம்மா வீடியோக்காரரைத் திரும்பிப் பார்க்காமலேயே, எச்சில் கையோடு, "ஏம்பா, சாப்புடறவங்கள என்னாத்துக்குப் புடிக்கற? புடிக்கணும்னா என் மொட்டையப் புடி. இல்லன்னா அந்த லைட்ட அணை" என்றார்.

பந்தி முழுக்கச் சிரித்தது. இந்த முறை உங்களைப் பார்த்து இல்லை. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் நீங்கள் கடைசிக் கவளத்தை எடுத்தீர்கள்.

விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.